டைல்ஸ் கடை வைத்தியர்

பக்கத்து மருந்துக் கடையில் நிற்கிறவர்களின் கையிலிருந்து டாக்டர் சீட்டை வாங்கிப் பார்க்காவிட்டால் டைல்ஸ் கடைக்காரருக்குப் பொழுது விடியாது. "இது வேணாம், இது சூடு, இது சும்மா பில்லு ஏத்த எழுதினது" என்று நகத்தாலேயே அடித்துத் தள்ளிவிடுவார். தன் கடை டைல்ஸில் விரிசல் இருக்கிறது என்று யாராவது காட்டினால் மட்டும் அவருக்குக் கண் தெரியாது.

நெஞ்சை அடைக்கும் அந்த வைரஸ் காய்ச்சல் வந்தாலும் வந்தது, மனுஷனுக்குக் கொம்பு முளைத்துவிட்டது. தங்கையின் கணவர் படுத்துவிட்டார் என்று கேட்டதுமே, ஆவி பிடிக்கும் பாத்திரமும் தன் பல்வலிக்கு வாங்கியதில் மிஞ்சிய ஆன்டிபயாடிக்குமாக வந்து இறங்கினார். அது வைரஸை ஒன்றும் செய்யாதாமே என்று தங்கை இழுத்தாள். "மாத்திரைக்கு அதெல்லாம் தெரியுமா? உள்ள போனா அடிக்கும்" என்றார். அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழகாதவள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மாப்பிள்ளைக்கோ நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் எண்பத்தாறு காட்டியது. நம் வைத்தியர் அசரவில்லை. விரல் ஜில்லென்று இருக்கிறது என்று அடுத்த விரலில் மாட்டினார். அதுவும் தேறவில்லை. பத்து விரலும் காலை வாரிவிட்டதும், தன் விரலிலேயே மாட்டிக்கொண்டார். தொண்ணூற்றெட்டு! அதைப் போட்டோ பிடித்து, 'மாப்பிள்ளை நலம்' என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியும் விட்டார். இப்படியும் ஒரு வெட்கங்கெட்ட ஜென்மம்.

"பாத்தியா, மிஷின் நல்லாத்தான் இருக்கு" என்றார் தங்கையிடம்.

மிஷின் நன்றாக இருக்கிறதென்றால் அந்த எண்பத்தாறும் நிஜம்தானே? அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், குப்புறப் படுக்க வைத்தார்கள், நுரையீரல் வீக்கத்துக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையை விரித்திருப்போம் என்று டாக்டர் சொன்னபோது அவள் உடைந்து அழுதாள். அண்ணன் மேல் அன்று வந்த ஆத்திரம் ஆயுசுக்கும் ஆறாது.

அண்ணனோ, மாப்பிள்ளை கண் திறந்துவிட்டார் என்று கேட்டதுமே, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தார். ஆக்சிஜன் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நர்ஸிடம், ஆவி பிடித்ததால்தான் ஆள் பிழைத்தது என்று விளக்க ஆரம்பித்தார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நான் சொன்னா நம்பமாட்டீங்க. மாப்ள, நீங்களே சொல்லுங்க" என்றவர், அவருக்குப் பேச வசதியாக இருக்கட்டுமே என்று, ஆக்சிஜன் மாஸ்க்கை மூக்கிலிருந்து தூக்கிப் பிடித்தார்.