எட்டு மணி டாக்டர்

எங்கள் டாக்டர் பொன்னுரங்கத்தைக் கள்ளக்குறிச்சியில் மிலிட்டரி டாக்டர் என்றுதான் சொல்வார்கள். மிலிட்டரி இல்லை, நேவி என்று நானும் வருஷக்கணக்காகத் திருத்திப் பார்த்துவிட்டேன். யார் கேட்கிறார்கள்? இந்த ஊருக்குக் கோமுகி அணைதான் கடல்.

கச்சிராயபாளையத்தில் கரும்பு போடுகிற குடும்பம். டாக்டருக்குப் படித்ததும் கப்பற்படையில் சேர்ந்து, விசாகப்பட்டினம், கொச்சி என்று பதினாலு வருஷம் இருந்தார். குழந்தை வைத்தியம் படித்ததும் அந்த வேலையில் இருந்துகொண்டேதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பின்னால் கதை எதுவும் கிடையாது, கேட்காதீர்கள். 2008இல் ஊருக்கு வந்து கிளினிக் திறந்தார். கீழே கிளினிக், மாடியில் வீடு. அன்று முதல் நர்ஸும் நான்தான், டோக்கன் கொடுப்பதும் நான்தான், கேட் சாவியும் விஜயலட்சுமியாகிய என்னிடம்தான்.

துறைமுகத்தில் நிற்கிற கப்பலில் காலை எட்டு மணிக்குக் கொடி ஏற்றுவார்களாம். இவருக்கும் எட்டு மணிக்குத்தான் கேட் திறக்க வேண்டும். “எட்டுன்னா எட்டு, விஜயலட்சுமி. கப்பல் யாருக்கும் நிக்காது” என்பார். பிந்தி வந்தவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் மதியம் வரை உட்கார வேண்டியதுதான். முந்தி வந்து மணி அடித்தவருக்கு மாடியிலிருந்தே திட்டு விழும். ஆனாலும் கைராசிக்காரர் என்று கூட்டம் குறையவில்லை. ஊரெல்லாம் அவர் கண்டிப்பைப் பேசுவதில் எனக்கும் ஒரு திமிர் இருந்தது. இப்போது சொல்லவே கூசுகிறது.

2017 கார்த்திகையில் ஒரு சாயங்காலம் மாயவனும் அவர் மனைவி வெள்ளச்சியும் எட்டு மாதப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம் ஊர். சளி, இருமல். டாக்டர் மருந்து கொடுத்து, “காலையில எட்டு மணிக்கு மறுபடி காட்டணும். எட்டுன்னா எட்டு” என்றார். வெள்ளச்சி தலையாட்டினாள். மலைக்குப் போகிற கடைசி பஸ் போய்விட்டிருந்தது, பஸ் ஸ்டாண்டிலேயே தங்கிவிட்டார்கள்.

விடியும்போது பிள்ளைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்திருக்கிறது. ஆறு மணிக்கே வந்து கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். அழைப்பு மணி அவர்கள் தலைக்கு மேலேயே இருந்தது. அடிக்கவில்லை. மாடியில் டாக்டர் எழுந்து, சவரம் செய்து, டீ குடித்துக்கொண்டிருந்தார்.

நான் ஏழே முக்காலுக்கு வந்தேன். வெள்ளச்சி பிள்ளையைத் துணியால் போர்த்தி மடியில் வைத்திருந்தாள். “இன்னும் கால் மணி நேரம் இருக்கும்மா, உக்காரு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் என் பின்னால் கேட்டைச் சாத்தினேன். துணியை விலக்கிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். ஒரு கை நீட்டினால் போதும்.

எட்டு அடித்ததும் டாக்டர் இறங்கி வந்து பார்த்தார். பிள்ளை போய்விட்டிருந்தது. என்னென்னவோ செய்து பார்த்தார். பிறகு, “எப்பம்மா வந்தீங்க?” என்று கேட்டார்.

“ஆறுக்கே வந்துட்டோங்க. நீங்க எட்டுன்னு சொன்னீங்களே, அதான்” என்றாள் வெள்ளச்சி.

குற்றமாகச் சொல்லவில்லை, ஐயோ, சமாதானமாகச் சொன்னாள். மாயவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். ஒரு கல்லை எடுத்துக் கண்ணாடியில் போட்டிருந்தாலாவது எங்களுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அன்றைக்கும் டாக்டர் நாற்பது பிள்ளைகளைப் பார்த்தார். நான் நாற்பது டோக்கன் கொடுத்தேன். மத்தியானம் சாப்பாடு இறங்கியது, அதுதான் எனக்கு அசிங்கமாக இருந்தது. அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. மறுநாள் டாக்டர் ஆள் கூட்டிவந்து கேட்டைக் கழற்றிப் போடச் சொன்னார். சுவர்க் கடிகாரத்தையும் எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் யாரையும் திட்டிப் பார்த்ததில்லை, சிரித்தும் பார்த்ததில்லை. ஐந்து மணிக்கே கீழே வந்து உள் அறை நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். நானும் ஆறரைக்கு வந்துவிடுவேன்.

போன மார்கழியில் ஒருநாள் வருகிறேன், கேட் இருந்த இடத்துக்கு வெளியே, அதே இடத்தில், வெள்ளச்சி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒரு வயசுப் பெண் குழந்தை. இந்தத் தடவை துணியைத்தான் முதலில் விலக்கினேன். மூக்கு ஒழுகிக்கொண்டு குழந்தை என்னைப் பார்த்தது.

“ஏம்மா, தொறந்துதான இருக்குது? பனியில இன்னாத்துக்கு உக்காந்துகினு இருக்க?” என்று கத்தியேவிட்டேன்.

“இன்னும் எட்டு ஆவலீங்களே” என்றாள்.

என் சத்தம் கேட்டு டாக்டர் செருப்பில்லாமல் ஓடிவந்தார். தெருவிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

“பேர் இன்னாம்மா?”

“கவியாங்க.”

“வெறும் சளிதான். பயப்பட ஒண்ணும் இல்ல.” உள்ளே கூட்டிப்போய் மருந்தை அவரே அளந்து காட்டினார். “நாளன்னிக்கு ஒருதபா காட்டிடும்மா” என்றார்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்த வெள்ளச்சி, “எத்தினி மணிக்குங்க?” என்றாள்.

டாக்டரின் கண் கடிகாரம் இருந்த வெற்றுச் சுவருக்குப் போனது.

“எப்ப வேணா வாம்மா, நட்ட நடு ராத்திரின்னாலும் வா” என்று நான்தான் சொன்னேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. டாக்டர் சொல்லட்டும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.