தாலிக்கு முன்பே மாறிய பெயர்

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு கார்த்திகை மழையில், இலங்கை மலையகத்தில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் எங்கள் வீட்டில் தொடங்கியது இது. அப்போது நான் பட்டப்படிப்பை முடித்து, பதுளையில் அபிவிருத்தி உத்தியோகத்தராகச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கு எந்தப் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் சனிக்கிழமை காலையில் என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்த மாதம்தான் என் தங்கைக்குத் திருமணம் நிச்சயமாகித் தட்டு மாற்றினார்கள். அவள் தோட்டத்து முன்பள்ளியில் ஆசிரியை. மாப்பிள்ளைக்கு அடுத்த தோட்டம். கொழும்பில் ஒரு கடையில் வேலை. தாலி கட்டுவதற்குத் தை மாதத்தில் நாள் குறித்தார்கள். ஆனால் விவாகப் பதிவை மட்டும் உடனே முடித்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். அவர்கள் தோட்டத்தில் தனி வீட்டுத் திட்டத்துக்குப் பெயர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விவாகச் சான்றிதழ் இல்லாதவர்கள் விண்ணப்பிக்க முடியாது. எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போடுவதை யாரும் கல்யாணமாக நினைப்பதில்லை. கையெழுத்து முடிந்ததும் மாப்பிள்ளை கொழும்பு பஸ்ஸில் ஏறுவார், பெண் அவள் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். தாலி ஏறினால்தான் கல்யாணம்.

இதுவரை தவறு எதுவுமில்லை. தவறு என் முன்யோசனையில் தொடங்கியது. பதிவு முடிந்த மறுவாரமே ஒரு நாள் லீவு போட்டு, தங்கையின் அடையாள அட்டையில் அப்பாவின் பெயரை நீக்கிக் கணவரின் பெயரைச் சேர்க்க விண்ணப்பம் எழுதினேன்.

"தாலி கட்டினதுக்கு அப்புறம் பாத்துக்கலாமே அக்கா" என்றாள் அவள்.

"அப்புறம் நீ அந்தத் தோட்டத்துக்குப் போயிருவ. ஒவ்வொரு ஆபீசா யாரு அலையுறது? எப்படியும் சட்டப்படி மாத்தித்தானே ஆகணும்?"

சட்டத்தை நான் வாசித்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்த மணமான பெண்கள் எல்லோரும் மாற்றியிருந்தார்கள், அதனால் அது சட்டம் என்று எண்ணிக்கொண்டேன். பட்டதாரி சொன்னதால் வீட்டில் வேறு யாரும் கேட்கவுமில்லை. மார்கழியில் புதிய அட்டை வந்தது. தேயிலை ஆலையான ஸ்டோரில் கொழுந்து அரைத்துவிட்டு வந்த அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருபத்துநாலு வருசமா இவ பேருக்கு முன்னாடி நின்ன ஆளு நான். ஒரே மாசத்துல எறக்கி விட்டுட்டீங்களே" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

தைக்குப் பத்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் மாமா வந்தார். கொழும்பில் வேறொரு பெண்ணை விரும்புவதாக மாப்பிள்ளை சொல்லிவிட்டாராம். அன்று மாலையே தோட்டத் தலைவர் இரு வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசினார். மாற்றிய தட்டும் சேலையும் திரும்பிப் போயின. தலைவர் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார்: "தாலி ஏறல. தட்டு திரும்பிருச்சு. புள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல. விசயம் முடிஞ்சுது, எல்லாரும் தேத்தண்ணி குடிங்க."

எல்லோரும் குடித்தார்கள். தங்கை இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் முன்பள்ளிக்குப் போய்விட்டாள். அவளுக்கு இனி ஒரே ஒரு வேலைதான் மிச்சம்: தன் பழைய பெயரைத் திரும்பப் பெறுவது. அதை ஒரு வாரத்தில் முடித்துத் தருவதாக நான் வாக்குக் கொடுத்தேன்.

எங்கள் கிராம உத்தியோகத்தர் படிவத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "மிஸ், விவாகச் சான்றிதழக் காட்டிப் பேர மாத்தினீங்க. இப்ப எதக் காட்டித் திருப்பி மாத்துறது?" என்று கேட்டார். பிரதேச செயலகத்திலும் இதையே கேட்டார்கள். நானே ஓர் உத்தியோகத்தர். என் மேசைக்கு வருகிறவர்களிடம் இதே கேள்வியைத்தான் நானும் கேட்டிருப்பேன். தாலி ஏறாததால் தோட்டம் முழுவதற்கும் என் தங்கை கன்னிப்பெண். அரசாங்கத்துக்கு மட்டும் அவள் இன்னொருவரின் மனைவி.

அப்பாவையும் தங்கையையும் அழைத்துக்கொண்டு பதுளையில் ஒரு சட்டத்தரணியைப் பார்க்கப் போனேன். பொறுமையான முஸ்லிம் பெண்மணி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கல்யாணத்தக் கோர்ட்டுலதான் கலைக்கணும். அதுக்கு வேற வழியில்ல. ஆனா பேர யாரு மாத்தச் சொன்னது?" என்றார்.

"சட்டப்படி மாத்தணும்தானே?" என்றேன்.

"எந்தச் சட்டத்துல? விரும்பினா மாத்தலாம், இல்லாட்டி சாகுற வரைக்கும் வாப்பா பேரோடயே இருக்கலாம். கட்டாயம் ஒண்ணும் இல்லையே."

என் தங்கை மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் தலை சூடாகிறது. இரண்டு பேருமே பிரியச் சம்மதம் என்பது போதாதாம். யார் யாரைக் கைவிட்டுப் போனார் என்று மனுவில் எழுத வேண்டும். ஒரு நாள்கூட ஒரே வீட்டில் இருக்காதவர் எங்கிருந்து, யாரைக் கைவிட்டுப் போவார்? அதையும் எழுதினோம். அழைப்பாணை கொழும்பில் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. வழக்கின் ஒரு தவணையில் மழையால் மண் சரிந்து பஸ் வரவில்லை. மறு தவணையில் நீதிபதி விடுமுறை. தலைவரோ எங்களை வழியில் கண்டபோதெல்லாம், "கட்டாத தாலிய அறுக்கவா கோர்ட்டுக்கு அலையுறீங்க? படிச்ச வீடுன்னா இப்படித்தான்" என்றார். அவரிடம் சட்டத்தை விளக்கும் தகுதி எனக்கு இருக்கவில்லை.

இதற்கிடையில் ஒரு நாள் தங்கைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அடையாள அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்ட தாதி, சற்று நேரத்தில் அந்தப் பழைய மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி 'மிஸிஸ்' என்று கூப்பிட்டார். தங்கை எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். காய்ச்சல் நடுக்கத்தோடு வாங்குப் பலகையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி, ஒன்னத்தான் கூப்பிடுறாங்க" என்றேன்.

"என்னைய இல்ல. நீ எழுதிக் குடுத்த ஆளக் கூப்பிடுறாங்க. நீயே போ."

அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். நான் தாதியிடம் போய் மன்றாடி மறுபடி வரிசையில் சேர்த்தேன். மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது பஸ்ஸில் அவள் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள். ஒரு படிவத்தில் நான் எழுதிய ஒரு வரி, ஒருத்தியை, கூப்பிட்டால்கூட எழ முடியாதவளாக்கிவிடும் என்பதை எந்தப் பாடத்திலும் நான் படித்திருக்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் முடியும் தறுவாயில் தீர்ப்பு கிடைத்தது. அது உறுதியாவதற்கு இன்னும் மூன்று மாதம் காத்திருந்தோம். அப்புறம்தான் அட்டையில் அப்பாவின் பெயர் பழைய இடத்துக்கு வந்தது. அதைக் கையில் வாங்கியதும் தங்கை முன்பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் டொபி மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால், ஒரு நல்ல பாடம் படித்தேன் என்று நிம்மதியாக எழுதியிருப்பேன். சென்ற வருடம் அவளுக்கு வெலிமடைப் பக்கம் வேறொரு நல்ல இடம் அமைந்தது. இம்முறை பதிவும் தாலியும் ஒரே நாளில் நடந்தன. மறுவாரம் மறுவீட்டுக்கு வந்தவளைத் தனியாக அழைத்து உட்கார வைத்தேன். பேரை மாற்றத் தேவையில்லை, சட்டத்தில் கட்டாயமில்லை, இம்முறை எல்லாவற்றையும் வாசித்துவிட்டேன், உன் பெயரை விட்டுக்கொடுக்காதே என்று அரை மணி நேரம் விளக்கினேன். அதைப் பற்றிய அரசாங்கச் சுற்றறிக்கையின் பிரதிகூட எடுத்து வைத்திருந்தேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் கையிலிருந்த தாளை வாங்கி, மடித்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"அன்னைக்கு மாத்தணும்னு நீ சொன்ன. இன்னைக்கு மாத்தக் கூடாதுன்னு நீயே சொல்ற. நடுவுல என்னைய ஒரு தடவையாவது கேட்டியா அக்கா?"

நான் கேட்டிருக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் நீதிமன்ற வாசலில் நின்றும், சட்டத்தை வரிவரியாகப் படித்தும், அந்த ஒன்றை மட்டும் நான் கற்றுக்கொள்ளவேயில்லை.

இப்போதும் சனிக்கிழமைகளில் படிவங்களோடு பெண்கள் என்னிடம் வருகிறார்கள். பெயர் எழுதும் இடம் வந்ததும் பேனாவை அவர்களிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன். என் தங்கையின் அட்டையில் இன்று எந்தப் பெயர் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவளாகச் சொல்லும் வரை தெரியாமலிருப்பதுதான் அவளுக்கு நான் செய்யக்கூடிய மரியாதை என்று நினைக்கிறேன்.