பொட்டு வைக்காத ரிலே

கோவிந்தராசு வண்டி ஓட்டுகிறான் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவன் ஹாரன் ஓட்டுகிறான், வண்டி கூடவே வருகிறது. மூன்று வருடமாக வாரத்தில் மூன்று நாள் அந்த வேனில் போய்வந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். எனக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. கோரிமேட்டுப் பக்கம் ஒரு டயாலிசிஸ் மையம். திங்கள், புதன், வெள்ளி காலை எட்டு மணிக்கு எனக்கும் வைத்திக்குப்பம் ராஜாம்பாளுக்கும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. உடம்பு படுத்தும்வரை மீன் விற்றவள் அவள். எங்கள் இருவரையும் கொண்டுபோய்க் கொண்டுவந்து விடுவது கோவிந்தராசு.

அரியாங்குப்பத்துக்காரன். மில்லில் இருபத்திரண்டு வருடம் தறி ஓட்டியவன். அந்தச் சத்தத்தில் பக்கத்துத் தறிக்காரனிடம் மணி கேட்பதானாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். மில்லை மூடியதும் கைக்கு வந்த பணத்தில் பழைய பெட்ரோல் வேன் ஒன்றை வாங்கினான். காது கொஞ்சம் மந்தம். தனக்குக் கேட்காதது ஊருக்கும் கேட்காது என்று தீர்மானம் செய்துவிட்டான். ஆள் நின்றால் ஆளுக்கு அடிப்பான், மாடு நின்றால் மாட்டுக்கு அடிப்பான், யாருமே இல்லாவிட்டால் இனிமேல் வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே அடித்து வைப்பான். ஏனப்பா என்றால், "உள்ள பேஷன்ட் இருக்காங்கன்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா சார்?" என்பான். எங்கள் மேல் இருக்கும் அக்கறையில் அடிக்கிறான். அப்படிப்பட்டவனிடம் வாயைத் திறந்து என்ன சொல்ல முடியும்?

பக்தியும் இதே அளவுதான். ஆயுத பூஜைக்கு மற்றவர்கள் வண்டியைக் கழுவி நாலு இடத்தில் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் நசுக்கினால் தீர்ந்தது. இவன் ஜாக்கிக்குப் பொட்டு வைத்தான், வைப்பருக்குப் பொட்டு வைத்தான். பிறகு பானெட்டைத் திறந்து, ஃபியூஸ் பெட்டி மூடியைக் கழற்றி, உள்ளே வரிசையாக இருந்த கறுப்புக் கட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கழுவி, அவற்றுக்கும் பொட்டு வைத்தான். "உள்ள இருக்குறதும் ஒழைக்குதுல்ல சார்" என்று மறுநாள் என்னிடம் பெருமையாகச் சொன்னான். மின்துறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு உடம்பு அசதியில் "நல்லது" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த ஒரு "நல்லது"க்கு நான் பட்டதுதான் இந்தக் கதை.

கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ராஜாம்பாள் அதற்கு முந்தின புதன்கிழமை வரவில்லை. தங்கை மகன் கல்யாணம், பெரியம்மா இல்லாமல் தாலி கட்டமாட்டேன் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டானாம். கல்யாணச் சாப்பாடும் சாப்பிட்டு, எங்களைப் போன்றவர்கள் அளந்து குடிக்க வேண்டிய தண்ணீரை மூன்று சொம்பு குடித்திருக்கிறாள். கால் இரண்டும் வீங்கி, இரண்டடி நடந்தால் மூச்சு வாங்கியது. அவளை ஏற்றுவதற்காகக் கோவிந்தராசு இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினான். ஏற்றிவிட்டுத் திரும்ப வந்து சாவியைத் திருகினால் வண்டி கர் கர் என்று சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை.

மணி ஏழரை. எட்டேகாலுக்குள் போகாவிட்டால் அன்றைய படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அடுத்தது திங்கட்கிழமை. அதுவரை இவள் தாங்கமாட்டாள் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஆட்டோ என்றால் அத்தனையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும் நேரம். கோவிந்தராசு தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தான். ஹாரனை அழுத்தினான். படகடியில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து தள்ளினார்கள். பத்தடி உருண்டு நின்றது.

"இன்னொரு தடவை சாவிய மட்டும் திருப்பு, ஸ்டார்ட் பண்ணாத" என்றேன். வழக்கமாகப் பின்னால் பெட்ரோல் டேங்கிலிருந்து உய்ங் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். இன்று இல்லை. பெட்ரோலை மேலே தள்ளும் பம்ப் ஓடவில்லை. எனக்கு ஆயுத பூஜை ஞாபகம் வந்தது.

ஃபியூஸ் பெட்டியைத் திறந்தோம். மூடியில் எது எதற்கென்று படம் போட்டிருந்தது. பம்ப் படத்துக்கு நேரே இருந்ததைப் பிடுங்கினேன். நெற்றியில் காய்ந்த சந்தனம், கால்களில் பச்சைக் களிம்பு. ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் களக் களக் என்றது.

"இன்னா சார் இது?"

"ரிலே. உன் சாவிக்கு வர ஒயர் நூல் மாதிரி இருக்கும். பம்புக்கு வேண்டிய கரண்ட்ட அது தாங்காது, உருகிடும். அதனால சாவி இதுக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் அனுப்பும். உள்ள காயில்னு ஒரு கம்பிச் சுருள் இருக்கு. கரண்ட் வந்ததும் அது காந்தமாகி ஒரு தகட்ட டிக்குன்னு இழுக்கும். அப்பறந்தான் பேட்டரிலேர்ந்து பெரிய கரண்ட் வேற வழியா பம்புக்குப் போவும். நீ வாசல்ல நின்னு பெல் அடிக்கிற, உள்ள இருக்கறவன் வந்து கதவத் தொறக்கறான். அந்த உள்ள இருக்கறவனத்தான் நீ குளிப்பாட்டிட்ட."

அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். ரிலேயிடமா சாமியிடமா என்று நான் கேட்கவில்லை.

ரேடியேட்டர் ஃபேனுக்கானதைப் பிடுங்கிப் போட்டுப் பார்த்தேன். அதற்கும் களிம்பு, வண்டி அசையவில்லை. விளக்குக்கானதும் அப்படியே. கடைசியில் ஒன்று மட்டும் பளபளவென்று, நெற்றியில் பொட்டே இல்லாமல் இருந்தது.

"அதுக்குள்ள சந்தனம் தீந்துபோச்சு சார்" என்றான் கூச்சத்தோடு. "பொட்டில்லாம கழுவுவானேன்னு உட்டுட்டேன்."

மூடியைப் பார்த்தேன். ஹாரன் படம்.

"ஹாரனுக்கும் ரிலேவா? அப்ப நான் அமுக்குறது ஹாரன் இல்லியா?" இத்தனை வருடம் பெல் மட்டுமே அடித்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்பதை அவனால் தாங்க முடியவில்லை. நான் ஹாரன் ரிலேயைப் பிடுங்கியபோது என் கையைப் பிடித்தேவிட்டான். "சார், ஹாரன் இல்லாம சிக்னல எப்டி சார் தாண்டுறது? அக்காவ வச்சினு!"

வேனுக்குள்ளிருந்து ராஜாம்பாள் மூச்சு வாங்குவது அவன் காதுக்கே கேட்டது. கையை விட்டான். நான் துண்டால் துடைத்துவிட்டு, ஹாரன் ரிலேயைப் பம்பின் இடத்தில் வைத்து அழுத்தினேன். சாவியைத் திருப்பியதும் டிக் என்றது, பின்னால் உய்ங் என்றது. வண்டி பிடித்துக்கொண்டது. மணி ஏழு நாற்பத்தைந்து.

அந்தப் பயணத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் உள்ளங்கை ஸ்டியரிங் நடுவில் போய் விழும், சத்தம் வராது, ஏமாந்த குழந்தை மாதிரி அதைப் பார்ப்பான். அஜந்தா சிக்னலில் தலையை வெளியே நீட்டி "ஓரம்! ஓரம்!" என்று தறிக்கொட்டகைக் குரலில் கத்தினான். முன்னால் இருந்த ஸ்கூட்டர்காரர் திரும்பி, "இன்னாண்ணே, வழி கேக்கிறீங்களா?" என்றார். ராஜீவ் காந்தி சிக்னலில் பச்சை விழுந்தது, எல்லோரும் போனார்கள், நாங்களும் போனோம். மையத்தின் வாசலில் நின்றபோது மணி எட்டு ஏழு. வைத்திக்குப்பத்திலிருந்து இருபத்திரண்டு நிமிடம். என்றைக்கும் ஆகிற அதே இருபத்திரண்டு நிமிடம். அவனிடம் சொன்னேன்.

"இன்னிக்கு டிராபிக் கம்மி சார்" என்றான்.

ராஜாம்பாளுக்கு அன்று நாலரை மணி நேரம் ஓட்டினார்கள். ஊசி எடுத்துக் கட்டுப்போட்டு வெளியே வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. திரும்பும்போது எங்களுக்குத் தலை கனக்கும், கண் எரியும், ஒரு சின்னச் சத்தம்கூடப் பிடிக்காது. கோவிந்தராசு கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தவன் திடீரென்று ஓரங்கட்டினான். ராஜாம்பாளின் தலை ஜன்னலில் சரிந்து, வாய் திறந்திருந்தது. மூன்று வருடத்தில் அவளை அவன் அப்படிப் பார்த்ததே இல்லை. குதித்து இறங்கிக் கதவைத் திறந்து, "அக்கா! அக்கா!" என்று உலுக்கினான்.

அவள் கண்ணைத் திறந்தாள். "ஏன்டா தம்பி எழுப்பற? மூணு வருசத்துல இன்னிக்குத்தான்டா இந்த வண்டில தூங்குறேன்."

அவன் பார்வை முன்னால் ஸ்டியரிங் நடுவுக்குப் போனது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா."

"நீ எங்களுக்காக அடிக்கிற. அத வேணான்னு எப்டிடா சொல்றது?"

அவன் என்னைப் பார்த்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருவன் தப்பு செய்கிறான் என்று தெரிந்தும் அசதி என்று கண்ணை மூடிக்கொள்கிறவன்தானே நான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாளே எல்லாவற்றுக்கும் புது ரிலே வாங்கிப் போட்டுவிட்டான். ஹாரன் பழையபடி ஊரைக் கூட்டுகிற அளவுக்கு வேலை செய்கிறது. திங்கட்கிழமை திரும்பி வரும்போது ராஜீவ் காந்தி சிக்னலில் நின்றோம். பின்சீட்டில் ராஜாம்பாள் தூங்கிக்கொண்டிருந்தாள். பச்சை விழுந்தும் முன்னால் ஒரு கார் நகரவில்லை. கோவிந்தராசுவின் உள்ளங்கை ஸ்டியரிங் நடுவில் போய்த் தங்கியது. கண்ணாடியைப் பார்த்தான். கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டான்.

பின்னாலிருந்து ஒரு டெம்போ காது கிழிய ஹாரன் அடித்தது. கோவிந்தராசு கழுத்தை வெளியே நீட்டினான்.

"யோவ், உள்ள பேஷன்ட் தூங்குறாங்கய்யா! அறிவில்ல?"