எல்லா வகுப்புக்கும் ஒரே டீச்சர்

கணக்கு டீச்சரைத் தலைமையாசிரியை ஆக்கினார்கள் என்றால், சும்மா ஒன்றும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. அப்பாவுக்கு சைக்கிள் கடை. கடை வாசலில் அடுக்கிப் போட்ட டயர்மேல் உட்கார்ந்து படித்து மேலே வந்தவர் அவர். சிபாரிசு கிடையாது, யார் காலிலும் விழுந்ததும் கிடையாது. பின்னக் கணக்கு என்றாலே காய்ச்சல் வந்து படுத்துக்கொள்கிற பிள்ளைகள்கூட அவர் வகுப்பில் "நான், நான்" என்று கையைத் தூக்கிக்கொண்டு குதிக்கும். இப்படிப்பட்டவர் கையில் பள்ளிக்கூடத்தைக் கொடுத்தால் அது எங்கேயோ போய்விடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

ஒரு வருஷம் பார்ப்பார்கள். தேறினால் பதவி நிலைக்கும். இல்லாவிட்டால் பழையபடி சாக்பீஸும் கரும்பலகையும்தான்.

தலைமையாசிரியருக்குக் காலையில் வருகிற முதல் தலைவலி, இன்றைக்கு யார் வரவில்லை, அவர் வகுப்புக்கு யாரை அனுப்புவது என்பது. பழைய தலைமையாசிரியர் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாலே, ஓய்வு பீரியட் பறிபோகப்போகிறதே என்று ஒருவர் பின்பக்கமாக நழுவுவார், இன்னொருவருக்குத் திடீரென்று இருமல் பொங்கும். கணக்கு டீச்சருக்கு அந்தப் பாவத்தைச் சுமக்கப் பிடிக்கவில்லை. "நீங்க உட்காருங்க, நானே போறேன்" என்றார். அங்கே ஆரம்பித்தது வினை.

"தங்கமான மனுஷி" என்றார்கள். லீவு போடக் கூச்சப்பட்டவர்களுக்கெல்லாம் கூச்சம் விட்டுப்போனது. சரித்திர சாருக்கு வாரம் தவறாமல் வயிறு கெட்டது. கணக்கு டீச்சர் மாடிக்கும் கீழுக்குமாக ஓடினார். நாலு பேரை வைத்து வேலை வாங்கிப் பார்த்தவர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். முதலாளியே லாரிக்கு அடியில் படுத்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தால் பட்டறையை யார் பார்ப்பது? இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

அவர் அறை வாசலில் பெற்றோர்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார்கள். பெண்பிள்ளைகள் கழிப்பறையில் தாழ்ப்பாள் உடைந்து, ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே காவல் நின்றாள். இதெல்லாம் டீச்சர் கண்ணில் படவே இல்லை. கண்தான் கரும்பலகையில் இருந்ததே!

நடுவில் புதுத் தலைமையாசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். நடத்தியவர் கேட்டார்: "ஒரு நாள் நீங்க வரலேன்னா உங்க பள்ளிக்கூடம் ஓடுமா?"

மற்றவர்கள் மென்று விழுங்கினார்கள். கணக்கு டீச்சர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஓடாது சார்" என்றார்.

"அப்ப நீங்க நடத்துறது பள்ளிக்கூடம் இல்லம்மா, டியூஷன்."

கூடமே சிரித்தது. வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினார். "ஒழைக்கிறவளைப் பாத்தா எல்லாருக்கும் நக்கலு!" துணி மடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், "டியூஷன்னா தனியா ஃபீஸாவது வாங்கியிருக்கலாமே" என்றார். அன்றைக்கு அவரோடு பேச்சில்லை.

அறிவியல் டீச்சர் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவருக்குக் கூடப் பிறக்காத பிறப்பு. ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்து, சாப்பாட்டு டப்பாவை மாற்றி மாற்றிச் சாப்பிட்டவர்கள். பதவி வந்த பிறகு சேர்ந்து உட்காரத்தான் நேரமில்லை. கொஞ்ச நாளாக அறிவியல் டீச்சர் முதல் பீரியடுக்கு நேரத்துக்கு வருவதில்லை. வீட்டில் ஏதோ சரியில்லை என்று வாட்ச்மேன் சொன்னார். கேட்டால் அதிகாரம் பண்ணுகிற மாதிரி இருக்குமே என்று கணக்கு டீச்சர் கேட்கவில்லை. சத்தமில்லாமல் அந்த வகுப்பையும் தானே எடுத்தார்.

ஒரு நாள் இருதயத்தின் படத்தைப் பலகையில் பாதிக்கு வரைந்து, சிவப்பும் நீலமுமாகச் சாக்பீஸ் தீட்டிக்கொண்டிருந்தார். வகுப்பு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. மூச்சு வாங்க வந்து வாசலில் நின்றார் அறிவியல் டீச்சர். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி கள்ளங்கபடமில்லாமல் சொன்னாள்: "டீச்சர், இன்னிக்கு இவங்களே முடிக்கட்டுமே!"

அறிவியல் டீச்சர் அப்படியே திரும்பிப் போனார். சாப்பாட்டு மணி அடித்ததும் தலைமையாசிரியை அறைக்கு வந்து நின்றார்.

"நான் வேற ஸ்கூல் பாத்துக்கறேன்."

"என்னடி சொல்றே? உன்னை யாரு என்ன சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. அதுதான் பிரச்சனை. இத்தனை நாள் லேட்டா வந்தேனே, ஒரு நாளாவது 'ஏன்டி, என்னாச்சு'ன்னு கேட்டியா?"

"உன்னைப் போய் நான் கேள்வி கேக்கறதா? ஒத்தாசையா இருக்கட்டும்னுதானே..."

"நல்ல ஒத்தாசை! என் பிள்ளைங்களே என்னைப் போகச் சொல்லுதுங்க. நான் வந்தாலும் ஒண்ணு, வராட்டாலும் ஒண்ணுன்னு ஆக்கிட்டே. உனக்கு எல்லார்கிட்டயும் நல்ல பேரு வேணும், அவ்வளவுதான். நீ என்னைத் திட்டியிருந்தாகூட, இவளுக்கு நான் வேணும்னு தெரிஞ்சிருக்கும்."

கணக்கு டீச்சருக்குச் சுருக்கென்றது. பயிற்சி வகுப்பில் அத்தனை பேர் சிரித்தபோது தைக்காதது இப்போது தைத்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சரி. இப்ப கேக்கறேன். ஏன்டி லேட்டு?"

அவ்வளவுதான், அறிவியல் டீச்சர் உடைந்து அழுதார். வீட்டுக்காரர் மாடிப்படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறார். பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறார், ஆனால் அந்த அம்மா வருவதற்குள் இங்கே மணி அடித்துவிடுகிறது.

"முதல் பீரியடை மத்தியானத்துக்குத் தள்ளினா?"

"காலையில சும்மா இருக்கறது சரித்திர சார்தான். அவரு விடுவாரா?"

விடமாட்டார் என்று கணக்கு டீச்சருக்கும் தெரியும். தங்கம் என்று சொன்ன அதே வாய் என்ன சொல்லும் என்றும் தெரியும். ஆனாலும் ஸ்டாஃப் ரூமுக்குப் போனார்.

"சார், நாளையிலிருந்து முதல் பீரியட் உங்களுக்கு. மத்தியானம் ஓய்வு."

"மேடம்! காலை ஓய்வு எனக்கு எத்தனை வருஷத்துப் பழக்கம்! என் வயித்துக்கு..."

"வயித்துக்கு, சாப்பிட்டப்புறம் ஓய்வெடுத்தாத்தான் சார் நல்லது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "நாற்காலி வந்ததும் ஆளே மாறிட்டீங்க."

"முன்னாடியே மாறியிருக்கணும் சார்" என்றார். "இனிமே யாராவது வரலேன்னா அவங்க வகுப்புக்கு முறை வச்சு எல்லாரும் போகணும். நானும் என் முறைக்குப் போவேன்."

ஒரு மூலையிலிருந்து இருமல் கேட்டது. டீச்சர் அந்தப் பக்கம் திரும்பினார். "தண்ணி குடிங்க. உங்க முறை வர்றதுக்குள்ள சரியாயிடும்."

வெளியே வந்து அறிவியல் டீச்சரிடம் சொன்னார்: "மாத்திட்டேன். ஆனா இதுக்கப்புறமும் லேட்டா வந்தே, லீவுல எழுதிடுவேன்."

"எழுது."

"நெசமாவே எழுதுவேன்டி."

"எழுதுன்னுதானே சொல்றேன்!"

மறுநாள் மத்தியானம் கணக்கு டீச்சர் மெதுவாக அந்த வகுப்புப் பக்கம் போய்ப் பார்த்தார். அழிக்க மனசு வராமல் பிள்ளைகள் அப்படியே விட்டுவைத்திருந்த இருதயத்தை அறிவியல் டீச்சர் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டுத் தன் கையால் புதிதாக ஒன்று வரைந்தார். அது அவ்வளவு அழகாக இல்லை. ஒரு பக்கம் வீங்கியிருந்தது. பிள்ளைகள் குனிந்து நோட்டில் வரைய ஆரம்பித்தார்கள். கணக்கு டீச்சருக்கு உள்ளே லேசாக வலித்தது. கொஞ்சம் பொறாமைகூட. யாரும் பார்ப்பதற்குள் நகர்ந்துவிட்டார்.

போகிற வழியில் கழிப்பறை வாசலில் ஒரு பெண் காவல் நின்றுகொண்டிருந்தாள்.

"இங்க என்னம்மா நிக்கறே?"

"தாழ்ப்பாள் இல்ல டீச்சர். ரொம்ப நாளாவே இல்ல."

சைக்கிள் கடையில் வளர்ந்த கை, ஸ்குரூ டிரைவர் எங்கே என்று தேட ஆரம்பித்தது. அதை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தச்சரைக் கூட்டிவரச் சொல்லி வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.