ஆணியில் தொங்கிய கம்பிவெட்டி

ஜெயரூபனின் குறட்டை சண்டிலிப்பாயில் ஒழுங்கை முழுக்கப் பிரசித்தம். மரக்கறி லொறி ஓட்டுகிறவன். நித்திரையில் மூச்சு நின்று நின்று வந்ததால் பகலிலும் கண் சொருகும். ஒருநாள் ஓட்டும்போதே தூங்கி, லொறியை மதகில் மோதிய பிறகுதான் சத்திரசிகிச்சைக்குச் சம்மதித்தான். தாடையை முன்னுக்கு நகர்த்தி, தொண்டைச் சதையை வெட்டி, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் கட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பேச்சில்லை. கஞ்சியைச் சிரிஞ்சால் கன்னத்துக்குள் விடவேண்டும்.

கட்டிலோரத்து ஆணியில் சின்னக் கம்பிவெட்டி ஒன்று தொங்கியது. சத்தி, வாந்தி ஏதும் வந்தால் கம்பிகளை உடனே வெட்டவேண்டும், இல்லாவிட்டால் மூச்சு அடைத்துவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அன்று மனைவி பிரசாந்தி மருந்து வாங்க மானிப்பாய்க்குப் போயிருந்தாள். பக்கத்து வளவுத் தம்பிராசா முந்திரிகைப்பழப் பையோடு நோய் பார்க்க வந்தார்.

"உன்ரை குறட்டை கேக்காமல் எங்கடை வீட்டிலை ஒருத்தருக்கும் நித்திரையில்லையடாப்பா!"

சொல்லிச் சிரித்தவரின் கண் ஆணிக்குப் போனது.

"நல்ல சாமான். கிடுகு வேலி அடைச்சுக்கொண்டு நிக்கிறன், என்ரை குறடு வெட்டுதில்லை. இந்தா, கொண்டுவாறன்."

ஜெயரூபன் பதறிக் கையை ஆட்டினான்.

"நீ எழும்பாதை தம்பி, நானே எடுக்கிறன்."

வேலியடைக்கிற நாளில் இரண்டு வளவுச் சாமானும் பொது. அதற்காக யாரும் அனுமதி கேட்டு நிற்பதில்லை.

கொஞ்ச நேரத்தில் காலைக் கஞ்சி வயிற்றில் புரண்டது. ஜெயரூபன் வெறும் ஆணியைப் பார்த்தான். எழுந்தால் அறை சுற்றியது. தம்ளரை எடுத்து யன்னல் கம்பியில் அடித்தான். இன்னும் பலமாக அடித்தான்.

"ஓம் தம்பி, ஓம்! இன்னும் நாலு கட்டுத்தான்!" வேலிக்கு அப்பாலிருந்து தம்பிராசா கத்தினார்.

கஞ்சி தொண்டைக்கு வந்துவிட்டது. நிலத்தில் கையூன்றித் தலையைக் கவிழ்த்தான். மூக்காலும் பல்லிடுக்காலும் எரிந்துகொண்டு வழிந்தது. ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரவில்லை. நெஞ்சு இழுத்து இழுத்துத் துடித்தபின் ஒருவாறு வந்தது.

பிரசாந்தி அவனை அப்படித்தான் கண்டாள். அவள் போட்ட கூச்சலில் தம்பிராசா கம்பிவெட்டியும் கையுமாக ஓடிவந்தார். பிரசாந்தி அதைப் பறித்து, மூச்சு சீராகிவிட்டதால் பல்லுக் கம்பியை வெட்டாமல், கயிற்றில் கோத்து, புருசனின் கழுத்திலேயே கட்டிவிட்டாள்.

தம்பிராசா கட்டிலோரத்தில் குந்தினார். "ஐயோ, எனக்கென்னண்டு தெரியும்? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லோ, தம்பி?"

ஜெயரூபன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கம்பிவெட்டியின் வாயில் கிடுகு நார் ஒட்டியிருந்தது.