இரண்டாம் முறை கேட்காத ஊரில்

உனக்கு என்ன வேண்டும்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகருக்குக் குடிபோன நாளிலிருந்து எல்லோரும் இதை என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். குழந்தைகள் காப்பகத்தில், மூன்று வயதுகூட நிரம்பாத என் மகள் இனியாவிடமும் கேட்கிறார்கள். மதியம் தட்டில் ரொட்டியை வைத்துவிட்டு, மேலே என்ன வேண்டும், சீஸா, ஹாகல்ஸ்லாக்கா என்பார்கள். ஹாகல்ஸ்லாக் என்பது ரொட்டியின் மேல் தூவிக்கொள்ளும் சாக்லேட் துகள். அவள் விரலை நீட்டினால் கொடுப்பார்கள். வேண்டாம் என்று தலையாட்டினால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மறுபடி வந்து, ஒரு வாய் சாப்பிடேன் என்று யாரும் கெஞ்சுவதில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று முதன்முறை அதைப் பார்த்தபோது, பிள்ளை பட்டினி கிடந்துவிடுவாளே என்று பயந்தேன். அவள் ஒருநாளும் பட்டினி கிடக்கவில்லை.

நான் வளர்ந்தது குன்னூருக்குப் பக்கத்தில், மலைமேல் அருவங்காட்டில், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குடியிருப்பில். அங்கே யார் வீட்டுக்குப் போனாலும் டீ குடிக்கிறீங்களா என்று கேட்பார்கள். "இப்பத்தானுங்க குடிச்சேன்" என்று சொல்ல வேண்டும். குடிக்காவிட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். "அட, அரை டம்ளர்" என்பார்கள். "பரவால்லீங்க" என்போம். அதற்குள் அடுப்பில் பால் பொங்கியிருக்கும். கேட்டவுடன் வாங்கிக் குடிக்கிற பிள்ளையைப் பார்த்தால், அதன் வீட்டில் ஒன்றும் கொடுப்பதில்லை போல என்று பின்னால் பேசுவார்கள். அதனால் அம்மா என் இடுப்பைக் கிள்ளிக் கிள்ளியே இந்த ஒழுங்கைக் கற்றுக்கொடுத்தார். நான் நன்றாகக் கற்றுக்கொள்கிற பிள்ளை.

என் நிறுவனத்தில் ஒரு பயிற்சி உண்டு. கணினித் துறையிலேயே ஊறிப்போனவர்களைத் தேர்ந்தெடுத்து, தலைமைப் பொறுப்புகளுக்கும் பிறகு இயக்குநர் குழுவில் உட்காருவதற்கும் தயார்செய்வார்கள். நான் ஒரு பொறியாளர் குழுவை நடத்துகிறேன். அந்தப் பயிற்சிக்கு என்னை எப்போது கூப்பிடுவார்கள் என்று, இனியா பிறப்பதற்கு முன்பிருந்தே, யாரிடமும் சொல்லாமல் காத்திருந்தேன். போன வருடம் ஒரு மதியம், என் மேலாளர் மார்ட்டைன் கால்வாய் ஓரமாக நடந்துகொண்டே கேட்டார். பயிற்சியின் அடுத்த குழுவில் ஓர் இடம் இருக்கிறது, உனக்கு வேண்டுமா என்று. குழந்தை சின்னவள், என்னைவிட அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் முதலில் போகட்டுமே என்றேன். இதைச் சொல்லும்போதே எனக்குள் சந்தோஷம் பொங்கிக்கொண்டிருந்தது. அவர் தலையசைத்து, தெளிவாகச் சொன்னதற்கு நன்றி என்றார். பிறகு மழை வரும் போலிருக்கிறதே என்றார். நான் அரை டம்ளருக்காகக் காத்திருந்தேன். அடுத்த வாரம் முழுக்க நல்ல உடுப்பாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போனேன். வார முடிவில் எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது. அந்த இடம் கோயம்புத்தூர் அலுவலகத்தின் பியூலாவுக்கு.

பியூலா யாரோ ஒருத்தியாக இருந்திருந்தால் ஒரு நாள் அழுதுவிட்டு மறந்திருப்பேன். அவள் எங்கள் குடியிருப்பில் அடுத்த வரிசை வீட்டுப் பெண். அவள் அப்பாவும் அதே தொழிற்சாலை. கோயம்புத்தூரில் ஒரே கல்லூரியில் படித்தோம். விடுமுறை முடிந்து மலை இறங்கும் பேருந்தில், கொண்டை ஊசி வளைவுகளில் அவளுக்கு வாந்தி வரும். எலுமிச்சம்பழத்தை அவள் மூக்கில் வைத்துக்கொண்டே மறுநாள் பரீட்சைக்கு நான்தான் பாடம் சொல்லிக்கொடுப்பேன். இந்த நிறுவனத்தில் முதலில் சேர்ந்தவள் நான். அவள் விண்ணப்பத்தை உள்ளே சேர்ப்பித்தவளும் நான். கடல் தாண்டிப் போனதும் நான்தான். இதையெல்லாம் எழுதும்போது நான் எவ்வளவு சின்னவளாகத் தெரிகிறேன் என்று எனக்கே புரிகிறது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்ச நாள் அந்த நாட்டைக் குற்றம்சொல்லிச் சமாளித்தேன். அவர்களுக்கு நம் மரியாதை எங்கே புரியப்போகிறது என்றேன். என் கணவர் கார்த்தி, பியூலாவும் உங்க ஊர்தானே என்று ஒரே வார்த்தையில் அதை முடித்துவைத்தார்.

இந்த மாதம் இனியாவைக் கூட்டிக்கொண்டு விடுப்பில் அருவங்காடு வந்திருக்கிறேன். வந்த பிறகுதான் தெரிந்தது, பயிற்சியின் ஒரு வாரத்தைக் குன்னூரில், பழைய எஸ்டேட் பங்களா ஒன்றில் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். உட்ரெக்டின் ஏற்றமே இல்லாத தெருக்களில் சைக்கிள் மிதிக்கும்போது நான் ஏங்குவது இந்த மலைக்குத்தான். அந்த மலையில் வட்ட மேசை போட்டு, நான் இல்லாமல், என் இடத்தில் பியூலா உட்கார்ந்திருக்கிறாள். அவள் வைக்கும் ஸ்டேட்டஸ் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் தேயிலைச் சரிவு. முன்னால் ஏழெட்டு நாட்டுக்காரர்கள். நடுவில் எங்கள் அடுத்த வரிசை வீட்டுப் பெண், காலை மடக்கி வைத்துக்கொண்டு, ஏதோ தன் சொந்த எஸ்டேட் மாதிரி.

சனிக்கிழமை அவளே வீட்டுக்கு வந்தாள். அம்மா டீ வேண்டுமா என்று கேட்டு முடிப்பதற்குள், "குடுங்க ஆன்ட்டி, சக்கரை மட்டும் கம்மியா" என்றாள். அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

பயிற்சியில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். பெரிதாக ஆர்வம் இல்லாதவள் போலத்தான் கேட்டேன். முதல் நாளே மடிக்கணினிகளை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். இயக்குநர் குழு மாதிரி நாலைந்து பேர் எதிரே உட்காருவார்கள். பழைய மென்பொருளை மாற்றப் பணம் கேட்க வேண்டும். இவள் அந்த மென்பொருள் எப்படி இயங்குகிறது என்று ஆரம்பித்ததும் தலைவராக நடிப்பவர் கையைக் காட்டி நிறுத்திவிடுவாராம். மாற்றாவிட்டால் நிறுவனம் எதை இழக்கும், அதை மட்டும் சொல் என்பாராம். இத்தனை வருடம் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிப் பெயர் வாங்கியவர்கள், அங்கே கேள்வி கேட்கவும், மீதி நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்கவும் கற்றுக்கொள்ள வேண்டுமாம். அவளுக்கு அதுதான் கஷ்டமாக இருந்ததாம். எனக்கு அது கஷ்டமாகவே இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்களன்று கடைசி ஒத்திகை, நீ தலைவரா உக்காரு, நான் பேசிப் பார்க்கிறேன் என்றாள். அப்பாவின் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் பேசும் விஷயம் அவளைவிட எனக்கு ஆழமாகத் தெரியும். அவளைத் தடுமாற வைக்க வேண்டும் என்றே கேட்டேன். இந்த வருடம் செய்யாவிட்டால் என்ன, உன் குழுவால் முடியும் என்று எப்படி நம்புவது என்று விடாமல் கேட்டேன். அவள் ஆங்கிலம் இரண்டு இடத்தில் பிசகியது. அதற்காக அவள் நிற்கவில்லை. மூன்றே வாக்கியத்தில், எதை இழப்போம், என்ன வேண்டும், எப்போது முடியும் என்று சொல்லிவிட்டு என் கண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். அந்த மௌனத்தில் நானே பணத்தைக் கொடுத்திருப்பேன். அவள் இவ்வளவு நன்றாகச் செய்திருக்க வேண்டாம்.

அதற்குமேல் தாங்கவில்லை. அந்த இடம் வேண்டுமா என்று முதலில் என்னைக் கேட்ட விஷயம் உனக்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டேன். தெரியும் என்றாள். நான் வேண்டாமென்று சொன்னதாக மார்ட்டைன் சொன்ன பிறகுதான் அவளிடம் கேட்டார்களாம்.

"நான் வேண்டாம்னா என்ன அர்த்தம்னு அவருக்குத் தெரியாது. உனக்குமாடி தெரியாது?"

"தெரியும்" என்றாள். டம்ளரைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சுதான் வாங்கிட்டேன். எனக்கும் வேணுமா இருந்துச்சு. உனக்காக நான் போய், அவ சும்மா சொல்றா, இன்னொருக்கா கேளுங்கன்னு சொல்லியிருக்கணுமா?"

சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் மனசு சொன்னது. அவள் இடத்தில் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்று அதே மனசு கேட்டது.

அவளே தொடர்ந்தாள். "அடுத்த பேட்சுக்கு ஒரு பேரு சொல்லச் சொல்லியிருக்காங்க. உன் பேரச் சொல்லட்டுமா?"

"ஐயோ, எனக்கெதுக்குடி. இனியா சின்னவ" என்றேன். என் வாய்தான் சொன்னது. நான் இல்லை.

பியூலா சிரித்துவிட்டாள். "பாத்தியா. இதுதான் உன்னோட அரை டம்ளர். இன்னொரு தடவ நான் கேக்க மாட்டேன். மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு. வேணும்னா வேணும்னு மெசேஜ் போடு. வேற ஒண்ணும் எழுதாத."

அவள் போன பிறகு அம்மா, "கேட்டதும் வாங்கிக்குச்சு பாரு அந்தப் புள்ள" என்றார். அதில் குறை இருந்ததா, மெச்சுதல் இருந்ததா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. போனில் கார்த்தி, உனக்கு வேணும்னா போ, பிள்ளையை நான் பார்த்துக்கறேன் என்கிறார். அவரும் ஒருமுறைதான் சொல்கிறார். பயிற்சி என்றால் அவ்வப்போது ஒரு வாரம் வேறு வேறு நாட்டில் தங்க வேண்டும். இனியா தூக்கத்தில் என் கையைத் தேடுகிற பிள்ளை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. எனக்கு அந்த இடம்தான் வேண்டுமா, பியூலாவுக்கு அது இல்லாமல் போயிருந்தாலே போதுமா? மூன்று வாக்கியத்தில் இதைச் சொல்லச் சொன்னால் நான் எங்கே ஆரம்பிப்பேன்?

நேற்று சாயங்காலம் அம்மா டீயோடு தின்னும் மொறுமொறு வர்க்கியை எடுத்து இனியாவிடம் நீட்டி வேணுமா என்றார். "யா" என்று டச்சில் ஆமாம் சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். "ஒருவாட்டி வேண்டாம்னு சொல்லோணும் கண்ணு" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். இனியா பயந்துபோய் வர்க்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அம்மா அடுத்து என் பக்கம் திரும்பினார். வேண்டாம்மா என்றேன். அதற்குள் ஒரு வர்க்கி என் உள்ளங்கையில் இருந்தது. இன்னொரு கையில் போன். அதில் பியூலாவுக்கு எழுத வேண்டிய ஒற்றைச் சொல்லுக்கான இடம் காலியாகக் கிடந்தது.

ஊரை விட்டு வந்து, நீங்கள் வேண்டாம் என்றால் அப்படியே நம்பிவிடுகிற மனிதர்களோடு வேலை செய்கிறவர்கள் இதைப் படிக்கும் உங்களில் பலர் இருப்பீர்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படி ஓர் இடத்தை வாங்கிக்கொண்டவர்களும் விட்டுவிட்டவர்களும் இருப்பீர்கள். ஆசைக்காகக் கேட்கிறோமா, பொறாமைக்காகக் கேட்கிறோமா என்பதை நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? முதல் முறை வேணும் என்று சொன்னபோது உங்கள் குரல் எப்படி இருந்தது? மாசக் கடைசிக்குள் எனக்கு எழுதுங்கள். நான் வேண்டாம் என்று சொன்னாலும் எழுதுங்கள்.