காலாட்டும் கார்

மாமா இறந்துபோன பிறகு அவருடைய கார் காலாட்ட ஆரம்பித்துவிட்டது என்று அக்கா போனில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். உட்கார்ந்த இடத்தில் அவருக்குக் கால் சும்மா இருக்காது. சாப்பாட்டு மேசையில், கோயில் மண்டபத்தில், கல்யாண வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில், எங்கே உட்கார்ந்தாலும் வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும். காலாட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று அக்கா திட்டாத நாளில்லை. திட்டியதும் கொஞ்சம் நிற்கும். அப்புறம் தானாகத் தொடங்கிவிடும்.

இப்போது கார் அதே மாதிரி ஆடுகிறதாம். ஓடும்போது அவ்வளவாகத் தெரிவதில்லை. ஓரிடத்தில் நிறுத்தி எஞ்சினை மட்டும் ஓடவிட்டால் இரண்டு ஆட்டம், ஒரு இடைவெளி, மறுபடி இரண்டு ஆட்டம். "காலை ஆட்டாதீங்கன்னு சொன்னா கொஞ்ச நேரம் நிக்குதுடா தம்பி," என்றாள். அதற்கும் சிரித்தேன். அடுத்து அவள் சொன்னதில்தான் சிரிப்பு நின்றது. அவள் ஓட்டிப் போனபோது பெரிய சாலைக்கு ஏறும் முச்சந்தியில் எஞ்சின் அப்படியே அடங்கிவிட்டதாம். பாதி கார் சாலையில் நிற்க, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே புல்லில் இறங்கி ஒதுங்கிப் போயிருக்கிறது. நேற்று மழை பெய்தது என்பது போல அவள் அதைச் சொன்னாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தச் சனிக்கிழமையே நான் இருக்கும் செடெனாக்கிலிருந்து அக்கா இருக்கும் லாபிஸுக்கு வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

கூலாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பது என் வேலை. ஆடுகிற எதற்கும் ஒரு காரணம் உண்டு என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேதம். பேய் பிசாசுக் கதை சொல்ல வருகிறவர்களிடம் வாயைக் கொடுத்து வம்பை வாங்கிக்கொள்வேன். இருட்டிய பிறகு விசில் அடிக்க மாட்டேன், அது வேறு.

கார் பழைய உள்நாட்டுக் கார். இருபது வருடத்தைத் தாண்டிவிட்டது. டவுனில் இருக்கும் சீனர் பட்டறையில் போர்மன் இரண்டு தடவை பார்த்திருக்கிறார். காற்றுப் போகும் பாதையைக் கழுவினார், ஃபில்டரை மாற்றினார். அவர் கண் முன்னால் அது ஒரு தடவைகூட ஆடவில்லை. காரில் ஒன்றுமில்லை, உங்கள் வீட்டில்தான் ஏதோ இருக்கிறது என்று மலாய் மொழியில் கிண்டலாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அக்கா அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

மதியம் போய்ச் சேர்ந்ததும் சாவியை வாங்கிக் காரைக் கிளப்பினேன். ஆடியது. ஸ்டியரிங் நடுங்கியது, டாஷ்போர்டுப் பிள்ளையார் நடுங்கினார். ஓர் எஞ்சின் இப்படி ஆடுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த இடைவெளி எனக்குப் பழக்கமானது. ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். மேசைக்கு அடியில் வந்த அதே கணக்கு இப்போது என் இருக்கைக்கு அடியில் வந்தது.

நான் இறங்கி போனட்டைத் திறந்தேன். அக்கா டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். போனட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையில் அவள் முகம் தெரிந்தது. காலியான டிரைவர் சீட்டைப் பார்த்து, தம்பி பார்க்கிறான், கொஞ்சம் சும்மா இருங்க என்றாள். ஆட்டம் நின்றது. நான் மூச்சை இழுத்துவிடும் நேரம் எஞ்சின் பட்டுப்போல ஓடியது. பிறகு மறுபடி இரண்டு ஆட்டம். இந்த மாதிரிக் கோளாறு விட்டுவிட்டுத்தான் வரும், அவள் சொன்னதும் அது நின்றதும் ஒரே நேரத்தில் அமைந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதலில் ரப்பர் குழாய்களைச் சந்தேகப்பட்டேன். எங்காவது விரிசல் வழியாகக் காற்றை உறிஞ்சினால் எஞ்சின் இப்படித் தடுமாறும். ஸ்ப்ரே அடித்துப் பார்த்தேன். சத்தம் மாறவில்லை. அடுத்தது பிளக் வயர்கள். நான்கு வயர், நான்கு பிளக். எஞ்சின் ஓடும்போது ரப்பர் பிடி போட்ட குறட்டால் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். நன்றாக வேலை செய்கிற வயரைக் கழற்றினால் எஞ்சின் துவண்டு போகும். முதலாவதைக் கழற்றினேன், துவண்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை. அந்த இடம் ஏற்கெனவே செத்துக் கிடந்தது.

அதற்குள் வெளிச்சம் இறங்கிவிட்டது. கார் நிற்கும் கூரைக்கு அடியில் இன்னும் இருட்டு. மூன்றாவது வயரைத் திரும்ப மாட்டிவிட்டுக் குனிந்து பார்த்தேன். வயரின் ரப்பர் வாயிலிருந்து ஒரு நீல ஒளி நூல் மாதிரி இறங்கிக் குழிக்குள் போனது. இரண்டு தடவை இறங்கியது, நின்றது, மறுபடி இரண்டு தடவை. விளக்கு வைக்கும் நேரமாயிற்று, மூடிவிட்டு வா என்று சொல்ல வந்த அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று அந்த ஒளியைப் பார்த்தாள். அவள் பயப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எஞ்சினை நிறுத்தி, வயரை உருவி, டார்ச் அடித்தேன். பிளக் இறங்கியிருக்கும் குழிக்குள் தண்ணீர் நின்றது. மஞ்சள் நிறம். ஒரு வேப்பிலை பிளக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. முகர்ந்து பார்த்தேன், மஞ்சள்தான். என்னவென்று கேட்டால், வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்குத் தெளிக்கும் மஞ்சள் நீரில் சொம்பில் மிச்சம் இருப்பதை போனட்டைத் திறந்து எஞ்சினுக்கும் தெளிக்கிறாளாம். நன்றாகத் தெளிக்க வேண்டுமே என்று கடைசியில் சொம்பைக் கவிழ்த்தும் விடுகிறாளாம்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவளை உட்கார வைத்து விளக்கினேன். தண்ணீர் வழியாக மின்சாரம் கசிந்துவிடுகிறது, பிளக் பற்றவில்லை, நான்கில் ஒன்று படுத்துவிட்டதால் கார் ஆடுகிறது. பட்டறைக்கு ஓட்டிப் போவதற்குள் எஞ்சின் சூட்டில் ஈரம் காய்ந்துவிடுகிறது, அதனால்தான் அங்கே ஆடவில்லை. எல்லாம் சரியாக வந்தது. அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"ஆடுனதுனாலதாண்டா தெளிச்சேன். அதுக்கு முன்னாடி நான் தெளிச்சதே இல்ல."

பதினாறாம் நாள் காரியத்தில் ஐயர் தெளித்திருப்பார் என்றேன். அன்றைக்குக் கார் வீட்டிலேயே இல்லை என்றாள். உண்மைதான். வாடகை நாற்காலிகளைக் கொண்டுவர நான்தான் அதை எடுத்துப் போயிருந்தேன். கார் கழுவும் கடையில் பீய்ச்சி அடித்தார்களா என்று கேட்டேன். இல்லை.

நாளைக்குப் புது வயரும் பிளக்கும் போட்டால் சரியாகிவிடும் என்றேன். அப்போதுதான் மாமா இறந்த அன்றைக்கு நடந்ததை அவள் முழுதாகச் சொன்னாள். கிளினிக் வாசலில் காரில் இறந்தார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். வெயிலுக்காக ஏர்கோனைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டு அவர் காத்திருக்க, அக்கா உள்ளே மருந்துக்கு நின்றிருக்கிறாள்.

"வெளிய வந்து கதவைத் தொறந்தேன். கார் சத்தமே இல்லாம ஓடிக்கிட்டு இருந்துச்சு. அவரு கால் ஆடல. அப்பதான் தெரிஞ்சுச்சு." காரைத் திரும்பிப் பார்த்து, "நீ சரி பண்ணிட்டா மறுபடி அப்படித்தான இருக்கும்," என்றாள்.

அவள் மேல் இரக்கம் வந்தாலும் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். அடுத்த தடவை லோரிக்காரன் ஒதுங்காவிட்டால் என்ன செய்வாய் என்று கத்தினேன். அவள் எழுந்து போய் விளக்கை ஏற்றினாள்.

மறுநாள் காலையில் டவுனில் சாமான் வாங்கி வந்து, குழியைத் துடைத்துக் காயவைத்து, எல்லாவற்றையும் மாற்றினேன். சாவியைத் திருகினேன். எஞ்சின் ஓடுகிறதா என்றே சந்தேகம் வருகிற அளவுக்கு அமைதி. பிள்ளையார் அசையவில்லை. நான் இறங்கியதும் அக்கா வந்து தன் சீட்டில் உட்கார்ந்து, பக்கத்து சீட்டைப் பார்த்தாள். பிறகு அழுதாள். சாவு வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு திரிந்தவள், இத்தனை மாதத்தில் அழுது நான் பார்த்ததில்லை. இந்தக் கையால்தானே அவரை இரண்டாம் தடவை சாகடித்தோம் என்று எனக்குத் தோன்றியது.

"கொஞ்ச நேரம் ஆட வைக்க முடியுமாடா? ரோட்டுக்குப் போகல. இங்கயே."

முடியும். எஞ்சினை நிறுத்தி, மூன்றாவது வயரை உருவி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி கிளப்பினேன். இரண்டு ஆட்டம், ஓர் இடைவெளி. அக்கா டிரைவர் சீட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். நான் போனட்டுக்குப் பின்னால் போய் நின்றேன். அவள் பேசுவது தெரிந்தது, என்ன பேசுகிறாள் என்று கேட்கவில்லை. கேட்க விருப்பமும் இல்லை. நின்ற இடத்திலேயே நான் வேர்வையில் நனைந்துவிட்டேன். எரியாத பெட்ரோல் வாடை ஏறிக்கொண்டே வந்தது. இதற்கு மேல் விட்டால் எஞ்சினுக்கு ஆகாது என்று குறட்டால் வயரை எடுத்து அழுத்தி மாட்டினேன். அது போய் உட்கார்ந்ததைக் கையில் உணர்ந்தேன்.

ஆட்டம் நிற்கவில்லை. வயரை இன்னும் அழுத்தினேன். சரியாகத்தான் இருந்தது. புது வயர், புது பிளக், ஒரு சொட்டு ஈரமில்லை. கார் ஆடிக்கொண்டே இருந்தது. நான் குறட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்போது அக்கா குரலை உயர்த்திச் சொன்னது எனக்குக் கேட்டது.

"சரி, போங்க."

வேலைக்குக் கிளம்பும் மனுஷனை ஒரு நாளும் அவள் அப்படி அனுப்பியதில்லை. போயிட்டு வாங்க என்றுதான் சொல்வாள். எஞ்சின் ஒரு தடவை குலுங்கி, அமைதியானது.

அவள் இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நீ இப்போதுதான் வயரை மாட்டினாயா என்று கேட்டாள். எரியாத பெட்ரோலில் நனைந்த பிளக் பற்றிக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுக்கும். எந்தப் பட்டறையில் கேட்டாலும் சொல்வார்கள். நான் அதைச் சொல்லவில்லை.

"நான் மாட்டி ரொம்ப நேரமாச்சுக்கா," என்றேன்.